இடமும் பொறுமையும் தரும் கிழங்கு



உருளைக்கிழங்கு நம் இல்லங்களில் விருந்தாளியாக நுழைந்து, வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட பண்டம். பொரியல், மசால், குருமா, வறுவல் என ஏதேனும் ஓர் உருவில் அது வாரத்திற்கு இருமுறையேனும் நம் இலைக்கு வந்து சேர்கிறது. எனினும், கடையில் கிழங்கு பொறுக்கும் குடும்பத் தலைவியரைக் கவனித்தால் ஒன்று புலப்படும். நடுத்தர அளவில், வழுவழுப்பாக, உருண்டையாக இருப்பவற்றையே அவர்களுடைய கை தேடுகிறது. ஒரு கைக்குள் அடங்காத பெருங்கிழங்கு கண்ணில் பட்டால், "இது முற்றல், வேகாது" என்று ஒதுக்கிவிடுகின்றனர். பெரிய கிழங்குக்கு நம்மிடையே நற்பெயர் இல்லை. அதனை வளர்க்கும் முறையும் சுடும் முறையும் நமக்கு நன்கு அறிமுகமாகாமையே இதற்குக் காரணம். இவ்விரண்டையும் இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

பெருங்கிழங்கை ஒதுக்கியவர்கள் நாம் மட்டும் அல்லோம். அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு உருளைக்கிழங்கு அளவுக்கு மீறிப் பெருத்து விளைந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையும், அதற்கு மேலும் இருந்தன. தோல் தடித்துச் சொரசொரப்பாக இருந்தமையால் அவற்றை வாங்குவார் இல்லை. உழவர்கள் அவற்றைப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டனர். அவ்வழியே ஓடிய நார்தர்ன் பசிபிக் இரயில்வே நிறுவனத்தில் உணவு வண்டிகளின் மேற்பார்வையாளராக இருந்த ஹேசன் டைட்டஸ் என்பவர் இச்செய்தியைக் கேள்வியுற்றார். அக்கிழங்குகளை வரவழைத்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் சுட்டுப் பார்த்தார். உள்ளே வெண்பஞ்சுபோல மலர்ந்திருந்தது. 1909ஆம் ஆண்டு முதல் ஒரு முழுக் கிழங்கைச் சுட்டு, வெண்ணெயுடன் பத்து சென்ட் விலைக்குப் பயணிகளுக்குப் பரிமாறலானார். அக்கிழங்கே அந்த இரயில்பாதைக்கு விளம்பரமாயிற்று. 'சுட்ட பெருங்கிழங்கின் பாதை' என்றே அது பெயர் பெற்றது. பன்றித் தொட்டிக்குச் சென்ற பண்டம் வெள்ளித் தட்டுக்கு வந்த கதை இது. இடையில் கிழங்கு மாறவில்லை. அதனை அணுகிய முறையே மாறிற்று.

இனி, கிழங்கின் இயல்பை அறிவோம். உருளைக்கிழங்கு வேர் அன்று. அது மண்ணுக்குள் வளரும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. அதன் மேல் நாம் காணும் 'கண்கள்' எல்லாம் தண்டில் உள்ள கணுக்களே. ஆகையால்தான் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு முளை கிளம்ப வல்லது. செடியின் இலைகள் வெயிலில் சமைக்கும் மாவுச்சத்து கீழிறங்கி இந்நுனிகளில் சேர்கிறது. சேமிப்பிடங்கள் பல இருந்தால் சத்து பலவாகப் பிரியும். சில இருந்தால் அச்சிலவே பருக்கும். பெரிய கிழங்கு வேண்டுவோர் மனத்திற் கொள்ளவேண்டிய விதி இது ஒன்றே. மற்றவை யாவும் இதன் விரிவுரை.

முதலாவது, தட்பவெப்பம். இத்தாவரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைத் தாயகமாகக் கொண்டது. குளிர்ந்த இரவுகள் இதற்கு இன்றியமையாதவை. இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால் செடி தழைக்குமேயன்றிக் கிழங்கு எளிதில் பிடிக்காது. நீலகிரியில் 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் ஆங்கிலக் காய்கறிகளோடு வந்த இக்கிழங்கு அங்கே நிலைத்துவிட்டதும், கொடைக்கானல் மலையில் செழிப்பதும் இக்காரணத்தாலேயே. மலையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், மீண்டும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலும் நடுவர். பாசன வசதியுள்ளோர் ஜனவரி, பிப்ரவரியிலும் நடுவதுண்டு. சமவெளியில் குளிர்காலத்தில் இரவு நன்கு குளிரும் ஓசூர் போன்ற மேட்டுப் பகுதிகளில் அக்டோபர், நவம்பரில் முயலலாம். கடற்கரை ஊர்களில் வாழ்வோர் கிழங்கை வாங்கிச் சுட்டு மகிழ்வதே அறிவுடைமை.

இரண்டாவது, விதை. கோழிமுட்டை அளவுள்ள, 40 முதல் 60 கிராம் எடையுள்ள முழுக் கிழங்கே விதைக்கு ஏற்றது. பெரிய கிழங்கை வெட்டி நட்டால் ஈரமண்ணில் வெட்டுவாய் அழுகிவிட இடமுண்டு. அறுவடையான கிழங்கு இரண்டு மூன்று மாதங்கள் உறங்கும். அதற்குள் நட்டால் முளைக்காது. உறக்கம் தெளியும் காலத்தில் நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் பரப்பி வையுங்கள். குட்டையான, தடித்த முளைகள் தோன்றும். அவற்றுள் வலுவான இரண்டை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை விரலால் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும். பலருக்கு இதற்கு மனம் வருவதில்லை. 'முளை மிகுந்தால் விளைவு மிகும்' என்பது அவர்கள் எண்ணம். மிகுவது எண்ணிக்கை, அளவு சுருங்கிவிடும். கோலிக்குண்டு போன்ற இருபது கிழங்குகள் வேண்டுமா, கைநிறைந்த ஐந்து கிழங்குகள் வேண்டுமா என்பது நடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

விதையைப் பற்றி மற்றொரு கடமையும் உண்டு. 1961ஆம் ஆண்டு நீலகிரியில் ஒரு வகை நூற்புழு கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் தென்படாத அப்புழு வேரைத் தாக்கிச் செடியை வாடச் செய்கிறது. அதன் முட்டைகள் கடுகினும் சிறிய கூடுகளில் அடங்கி, பல்லாண்டுகள் மண்ணில் சாகாமல் கிடக்க வல்லவை. கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணே புதிய ஊருக்கு இந்நோயைக் கொண்டு சேர்க்கப் போதும். இதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியிடங்களுக்குச் செல்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. இப்புழுவைத் தாங்கி வளரும் 'குப்ரி சுவர்ணா' என்னும் இரகம் 1985இல் வெளியிடப்பட்டது. ஆதலால், மலைக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் கூடையில் விதைக்கிழங்கைப் போட்டுக்கொண்டு வந்து உறவினர் தோட்டத்தில் நடுவது அன்பின் செயலாகத் தோன்றினும், அடுத்த நிலத்து உழவனின் பிழைப்பைக் கெடுக்கும் செயலாக முடியலாம். விதையை வேளாண்மைத் துறையிடமோ, நம்பத்தக்க விதை விற்பனையாளரிடமோ பெறுவதே முறை.

மூன்றாவது, இடம். வயலில் வழக்கமாக வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் விட்டு நடுகின்றனர். நமக்கு வேண்டுவது பெருங்கிழங்கு. ஆகவே, வரிசைகளுக்கிடையே 70 சென்டிமீட்டரும், செடிகளுக்கிடையே 40 முதல் 45 சென்டிமீட்டரும் விடுக. நன்கு மக்கிய தொழு எருவை முன்னதாகவே மண்ணில் கலந்து, நாலு விரற்கடை ஆழத்தில் முளை மேல்நோக்கி இருக்குமாறு நட வேண்டும். பச்சைச் சாணமும் அளவுமீறிய அடுப்புச் சாம்பலும் கிழங்கின் தோலில் சொறியை உண்டாக்கும். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலைகள் காடுபோல் மண்டும். கிழங்கு பிடிப்பது தாமதமாகும். சாம்பல்சத்தாகிய பொட்டாஷே கிழங்கு திரளத் துணைபுரிவது. மண் பரிசோதனை செய்து அதற்கேற்ப இடுதல் நலம்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் இருபுறமும் மண்ணை இழுத்து அணைக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை அணைக்க வேண்டும். இதனால் கிழங்கு பருக்க இருளும் இடமும் கிடைக்கின்றன. தோட்டமில்லாத மலைவீட்டார் ஒரு கோணிப்பையின் வாயை மடித்து, கால்பங்கு மண் நிரப்பி, அதில் ஒரே ஒரு விதையை நட்டு, செடி வளர வளரப் பையை நிமிர்த்தி மண் சேர்த்து வரலாம். ஒரு பைக்கு இரண்டு மூன்று விதை என்று பேராசை கொள்ளலாகாது.

நான்காவது, நீர். பெருமைக்கு ஓர் ஆபத்து உண்டு. வெளியே பெருத்துப் பளபளக்கும் கிழங்கை அறுத்துப் பார்த்தால், நடுவில் நட்சத்திரம்போல் வெடித்த வெற்றிடம் இருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். இது புழு குடைந்ததன்று, நோயுமன்று. சில நாட்கள் நீரின்றி வாடிய செடிக்குத் திடீரெனப் பெருமழையோ, மிகுந்த பாசனமோ கிட்டும்போது கிழங்கு மளமளவென்று பருக்கிறது. வெளிப்புறம் வளரும் வேகத்திற்கு உட்புறம் ஈடுகொடுக்க இயலாமல் இதயம் பிளந்து உள்ளீடற்றுப் போகிறது. சிறு கிழங்கினும் பெருங்கிழங்கிலேயே இக்குறை மிகுதி. உரத்தைக் கூட்டுவதனால் இது தீராது. கிழங்கு பிடித்தது முதல் முற்றும் வரை ஈரம் ஒரே சீராக இருத்தல் வேண்டும். நாளும் சிறிதாக, தவறாமல் கிடைப்பதே உள்ளும் புறமும் ஒத்து வளரச் செய்யும்.

நோய்களுள் கொடியது இலைக்கருகல். 1845இல் அயர்லாந்தைத் தாக்கிப் பெரும் பஞ்சத்தை விளைவித்தது இதுவே. அந்நாட்டு ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்னும் ஒரே இரகத்தையே நம்பியிருந்தனர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். நோய் பயிரை அழித்தது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து தானியம் கப்பலேறியதும் உண்மை. குளிரும் மழையும் சேர்ந்த நாட்களில் இலையில் கரும்புள்ளிகளும், அவற்றின் அடியில் வெண்பூசணமும் தோன்றினால் தாமதியாமல் தழையை வெட்டி அப்புறப்படுத்தி அழித்துவிடுங்கள். கிழங்கை உடனே தோண்டாமல் இரு வாரங்கள் மண்ணிலேயே விட்டுவைத்தால் தோல் இறுகி, நோய் கிழங்குக்குப் பரவாது காக்கலாம். உருளை, தக்காளி, கத்தரி மூன்றும் ஒரே குலம். இவற்றை ஒரே பாத்தியில் அடுத்தடுத்து வைக்கலாகாது.

நல்ல பயிராயின் ஏறத்தாழ நான்கு மாதங்களில் செடி மஞ்சளித்துச் சாயும். அப்பொழுதும் அவசரம் வேண்டா. மேலும் பத்துப் பதினைந்து நாட்கள் பொறுத்து, கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியாத பதத்தில், மழையற்ற நாளில் தோண்டுக. கழுவாமல், காற்றோட்டமுள்ள இருண்ட இடத்தில் பரப்பி வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சைநிறம் கொள்ளும். அப்பச்சை தன்னளவில் தீங்கற்றது. ஆனால் அதனோடு சேர்ந்து சொலானின் என்னும் நச்சுப் பொருளும் பெருகுகிறது. வேகவைத்தாலும் சுட்டாலும் அது அழிவதில்லை. சிறிது பச்சையாயின் அப்பகுதியை ஆழமாகச் சீவி எறிக. மிகப் பச்சையானதையும் கசப்பதையும் குழந்தைகளுக்கு ஒருபோதும் தரவேண்டா. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டா. கடுங்குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, கிழங்கு தித்திக்கும். சுடும்போது கறுத்தும் போகும்.

எவ்வளவு பெரிது போதும் என்று கேட்கலாம். 2011இல் பீட்டர் கிளேஸ்புரூக் என்னும் ஆங்கிலேயர் 4.98 கிலோ எடையுள்ள ஒரே கிழங்கைக் காட்சிக்கு வைத்து உலகச் சாதனை படைத்தார். நியூசிலாந்தில் 2021இல் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஏறத்தாழ எட்டு கிலோ எடையில் ஒன்று கிடைத்தது. சாதனை முறிந்ததென்று அவ்வீட்டார் மகிழ்ந்திருக்க, மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது அது உருளைக்கிழங்கே அன்று, ஒருவகைச் சுரையினத்தின் கிழங்கு என்று 2022இல் தெரியவந்தது! நம் உணவறைக்கு 300 முதல் 500 கிராம் வரை உள்ள கிழங்கே பெருங்கிழங்கு. அதற்கு மேல் போவது காட்சிக்கு.

இனிச் சுடும் முறை. ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் அறுவடைக் காலத்தில் வயலிலேயே மண்கட்டிகளை அடுக்கிக் குவிமாடம்போல் ஓர் அடுப்புக் கட்டுவர். உள்ளே தீ மூட்டி, கட்டிகள் சிவக்கக் காய்ந்தபின் கிழங்குகளை இட்டு, அடுப்பையே இடித்து அவற்றின் மேல் மூடிவிடுவர். ஒரு மணிநேரத்தில் தோண்டினால் கிழங்கு வெந்திருக்கும். 'வாத்தியா' என்பது இதன் பெயர். இதில் அடங்கிய தத்துவம் எளிது: நெருப்பு நேரே தீண்டலாகாது, சூடு நாற்புறமிருந்தும் மெல்ல உட்புக வேண்டும்.

சுடுவதற்கு மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு வேண்டும். பதினொரு குவளை நீரில் ஒரு குவளை உப்பைக் கரைத்து, கிழங்கை இட்டுப் பாருங்கள். அமிழ்ந்தால் மாவு மிகுந்தது; சுட உகந்தது. மிதந்தால் ஈரம் மிகுந்தது, குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிழங்கை நன்கு தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் ஐந்தாறு இடங்களில் குத்திவிடுக. இல்லையேல் உள்ளே எழும் நீராவி தோலை வெடிக்கச் செய்யும். மேலே சிறிது எண்ணெயும் உப்பும் தடவுக. ஓவன் உள்ளோர் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில், 300 கிராம் கிழங்கை ஏறத்தாழ ஒரு மணிநேரமும், அரைக்கிலோ கிழங்கை ஒன்றரை மணிநேரமும் வைக்க வேண்டும். ஓவன் இல்லாதோர் வருந்த வேண்டா. கிறிஸ்துமஸ் காலத்தில் நம் பாட்டிமார் கேக் சுட்டது எவ்வாறு? கனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அடியில் மிதமான தீயும், மூடியின் மேல் தணலும் இட்டல்லவா? அதே ஏற்பாடு இதற்கும் பொருந்தும். விறகடுப்பு உள்ளோர் சமையல் முடிந்தபின், கொழுந்துவிட்டு எரியாத, நீறு பூத்த தணலில் கிழங்கைப் புதைத்து, அவ்வப்போது திருப்பிவிட்டால் போதும். இரும்புக் கம்பியைச் செருகிப் பார்த்து, தடையின்றி இறங்கினால் பதம்.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுடும் பழக்கம் இப்போது பரவியுள்ளது. அதனைத் தவிர்ப்பீர்களாக. தாளுக்குள் நீராவி அடைபட்டு, கிழங்கு சுடுபடாமல் அவிந்துவிடும், தோலும் சவசவக்கும். மேலும் ஓர் அபாயம் உண்டு. தாளில் சுற்றிச் சுட்டதை அப்படியே வெளியில் வைத்துவிட்டால், காற்றுப் புகாத அவ்வெதுவெதுப்பில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், இவ்வாறு வைத்திருந்த கிழங்கைக் கொண்டு ஓர் உணவகத்தில் தயாரித்த உணவால் பலர் நோயுற்றனர். சுட்டதைச் சூட்டோடு உண்பதே நலம்; மீந்தால் தாளின்றி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

வெந்தவுடன் மேலே சிலுவைக் குறியாகக் கீறி, இருபுறமும் மெல்ல அழுத்துக. ஆவி வெளியேற, உட்பகுதி பூப்போல் மலரும். தாமதித்தால் அவ்வாவியே மீண்டும் நீராகி, கிழங்கு களியாகிவிடும். உப்பு, மிளகுத்தூள், சிறிது வெண்ணெய் போதும். கெட்டித் தயிரில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து கலந்து மேலே இட்டால் நம் நாவுக்கு இன்னும் இசைவாக இருக்கும். புலால் தவிர்க்கும் வெள்ளிக்கிழமைகளில் இது ஒன்றே எளிய இரவுணவாகும். தோலோடு சுட்ட கிழங்கில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 93 கலோரியும், 535 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. எண்ணெயில் பொரித்த பொட்டலச் சீவல்களோடு இதனை ஒப்பிடவும் கூடுமோ? ஆயினும் சர்க்கரை நோயாளரும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளரும் மருத்துவரின் சொற்படியே உண்ணல் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மலையில் வாழ்வோர் ஒரு கோணிப்பையைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். மிகுந்த முளைகளை உதிர்ப்பது ஏன், ஒரு பைக்கு ஒரு விதை ஏன், நாள்தோறும் நீர் ஏன் என்று அவர்கள் கேட்பார்கள், மேற்சொன்னவற்றைக் கூறுங்கள். நடுவில் தோண்டிப் பார்க்கவும் துடிப்பார்கள். அதற்கு மட்டும் இடங்கொடாதீர்கள். செடி தானாகச் சாய்ந்த பின்னர், குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் ஒரு மாலையில், பையைக் கவிழ்க்கும் உரிமையையும், முதல் கிழங்கைத் தணலில் இடும் உரிமையையும் அவர்களுக்கே அளியுங்கள்.